ஊர்வண்டி ஏறாத ஓலைநாயகம்

வெண்கோட்டு மலைச்சாரலில் மழை பிழையாதிருக்க. ஒன்பது ஏரியும் கடைமடை காணும்வரை நிறைந்திருக்க. செங்கோல் பிடித்த திருக்கை தளராதிருக்க. நாற்குன்றத்துக்கும் கோமகனும், மான்கொடி உயர்த்தவரும், குடிகளின் குறை கேட்கும் செவியுடையவருமாகிய வேந்தர் கோதைவேள் பெருமானடிகள் திருவடிகளுக்கு, அரசாணைகளை எழுதி முத்திரையிடும் ஓலைநாயகம் குன்றூர்கிழான் நல்லாதன் தெண்டனிட்டு விடுக்கும் ஓலை. எழுதும் இடம் எல்லைப்புறத்து ஈச்சந்துறை வண்டிநிலையம். அடியேன் உடம்பில் முழங்கால் இரண்டும் குறை, மற்றவை இருக்கின்றன.

தேவரீர் திருமுகம் நேற்று உச்சிப்பொழுதில் கிடைத்தது. நிறைமதி நாளில் பேரவை கூடவிருக்க, புதிய ஆணைகளுக்கு முத்திரையிட வேண்டிய ஓலைநாயகம் இன்னும் வந்து சேராதது ஏன் என்று கேட்டருளினீர். கேட்க வேண்டிய கேள்விதான். தலைநகருக்குச் செல்லும் ஊர்வண்டி நாள்தோறும் காலையில் அடியேன் கண்முன்னே புறப்படுகிறது, இடமும் இருக்கிறது, மூன்று நாளாக அடியேன் ஏறவில்லை. ஏறாத காரணத்தைச் சொல்லாமல் வீட்டுக்கு வர எனக்கு வழியில்லை. வீட்டுக்கு வர வேண்டும் என்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு ஆசையும் இல்லை. ஆகவே திருவுள்ளம் சற்றுப் பொறுத்துக் கேட்டருள்க.

இளவரசியார் நீலநங்கையாரைக் கருவூற்று நாட்டுக்கு மணமுடித்துக் கொடுத்தபோது, மூன்றாண்டு நிறையும்வரை இருநாட்டுத் தேரோ யானையோ குதிரையோ எல்லை கடக்கலாகாது என்று உடன்படிக்கை செய்தோம். அதனால் மணப்பெண்ணே குடிகளோடு ஊர்வண்டியில்தான் புறப்பட்டுப் போனார். நான்கு திங்கள் கழித்து, அவர் சரியாக உண்ணாமல் மெலிந்துவிட்டார், தம் நாய் மிளகனை ஒருமுறை கேட்டார், பிறகு எதையும் கேட்கவில்லை என்று சேதி வந்தது. நாயைக் கொண்டு சேர்க்கும் பணியைத் தேவரீர் அடியேனிடம் ஒப்படைத்தீர். முத்திரையைக் காட்டாமல், குடிகளில் ஒருவனாகப் போக வேண்டும் என்றும் பணித்தீர். முப்பத்தோராண்டு ஓலை எழுதிய கையில் நாய்க்கயிறு கொடுக்கப்பட்டது. அன்று வருத்தப்பட்டேன். அதை இன்று சொல்வதில் குற்றமில்லை.

ஊர்வண்டி புறப்படுமுன் அதை ஓட்டும் வண்டிமுதல் எழுந்து நின்றுகொண்டு ஆணைகளை உரக்கப் படிப்பதும், ஏறுபவர் ஒவ்வொருவரும் 'ஆம்' என்று சொல்லிவிட்டே அமர்வதும், ஆம் சொல்லாதவரை இறக்கிவிடுவதும் நம் நாட்டு விதி என்பதைத் தேவரீர் அறிவீர். அறிந்தாலும் கேட்டிருக்க மாட்டீர், அரண்மனைத் தேருக்கு அந்தப் படிப்பு கிடையாது. தலைநகர் நிலையத்தில் வண்டிமுதல் கொற்றன் படித்தான்: "நாயோ நாய்க்குட்டியோ, கூடையிலோ மூட்டையிலோ மடியிலோ, கட்டியோ கட்டாமலோ, உறங்கியோ விழித்தோ, தன்னதோ பிறரதோ, ஊர்வண்டியில் ஏறலாகாது." பதினாறு பேரும் ஆம் என்றார்கள். அடியேன் மிளகனைக் கூடையில் வைத்து மேலே துணி மூடியிருந்தேன். கூடை என்ற சொல் வந்ததும் கொற்றன் கூடையைப் பார்த்தான்.

அந்தச் சொற்களை அடுக்கியவன் அடியேன்தான். பன்னிரண்டாண்டுக்கு முன், பேரவைக்குப் புதுச் சால்வை போர்த்திக்கொண்டு ஊர்வண்டியில் வந்தபோது, பக்கத்து இருக்கைக்காரரின் நாய் மழையில் நனைந்த உடம்பை என்மேல் உதறியது. அவையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். சந்துபொந்து எதுவும் மிச்சமிருக்கக் கூடாது என்று யோசித்து யோசித்து எழுதினேன். தேவரீரும் வழக்கம்போல், நல்லாதன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அருளிச்செய்து, படியாமலே திருக்கைச்சாத்து இட்டீர். நோயாளி என்று சொல்லி மடியில் வைக்கலாமா என்று பார்த்தேன், மடியை அடைத்திருந்தேன். உறங்க வைத்து ஏற்றலாமா என்று பார்த்தேன், அதையும் அடைத்திருந்தேன். நாய் என்னுடையதன்று, அரண்மனையது என்று சொல்ல வாயெடுத்தேன். 'பிறரதோ' என்பது நினைவுக்கு வந்தது. என் புத்திசாலித்தனத்தின்மேல் எனக்கே எரிச்சல் வந்த நாள் அது.

கொற்றன் கெட்டவன் அல்லன். தனக்கு ஒரு மறுப்பும் இல்லை என்றும், எழுதி வைத்ததை மீறினால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றும் வருந்திச் சொன்னான். பிறகு அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், திருச்செவி பொறுத்தருள்க: "இதை எழுதின புண்ணியவான் எந்த நாய்கிட்டக் கடி வாங்கினானோ." வண்டியே சிரித்தது. அடியேனும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

என் மூட்டை வண்டியில் ஏறிப் போயிற்று. நானும் நாயும் பின்னால் நடந்தோம். எங்களோடு ஒரு கம்பளிக்காரரின் மனைவி தம் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கணவர் வண்டியில் இருந்தார். அடுத்த நிலையம் வந்ததும் கணவர் இறங்கி நாயோடு நடக்க, மனைவி ஏறிக்கொள்வார். ஆண்டுக்கு இருமுறை மகளைப் பார்க்க இப்படித்தான் போய்வருவதாகவும், பன்னிரண்டாண்டாகப் பழகிவிட்டதாகவும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

முதல் நிலையத்திலேயே முழங்கால் வீங்கிவிட்டது. அங்கிருந்து வாடகை வண்டிகள். அவற்றுக்கு என் ஆணை செல்லாது. வண்டிக்காரர் மனம்தான் ஆணை. ஒருவர் மாடு மிரளும் என்றார். ஒருவர் மயிர் ஒட்டும் என்றார். ஒருவர் நாயை ஏற்றிக்கொள்வதாகவும் ஆனால் அது எழுந்து நிற்கலாகாது என்றும் சொன்னார். மிளகன் அதற்கு இசையவில்லை. வாடகை வண்டிகள் தத்தம் ஊரெல்லை தாண்டாதவை ஆதலால், ஒவ்வோர் எல்லையிலும் இறங்கி நின்று, அடுத்தவரிடம் முதலிலிருந்து கெஞ்ச வேண்டும். இது கடிக்காது என்ற பொய்யை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. மிளகன் என்னையே இருமுறை கடித்தான். இருமுறையும் தவறு என்னுடையது. உறங்கும்போது வாலை மிதித்தேன்.

சாத்தி என்னும் வண்டிக்காரி மட்டும் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டாள். பாதிவழியில் மிளகன் என் காலடியில் வாந்தி எடுத்தான். அவள் வண்டியை நிறுத்தி, வைக்கோலை மாற்றி, நாய்க்கு நீர் காட்டினாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, நாயால் தனக்கு ஒரு தொல்லையும் இல்லை என்றும், பெரியவர் ஓயாமல் முனகுவதுதான் மாட்டுக்கு ஆகவில்லை என்றும் சொன்னாள். அதன்பின் அடியேன் முனகவில்லை. மிளகன் வண்டியின் ஓரத்தில் மூக்கை வெளியே நீட்டி நின்று, எதிரே வந்த ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு குரல் கொடுத்தான். களைத்தபின் என் வீங்கிய முழங்காலில் தலை வைத்து உறங்கினான். சூடு பட்டு வலி கொஞ்சம் குறைந்தது. காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினோராம் நாள் கருவூற்று அரண்மனை சேர்ந்தோம். இளவரசியார் அந்நாட்டு ஆடையிலும் அந்நாட்டு நறுமணத்திலும் வந்து நின்றமையால் மிளகனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. என் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான். அவர் பேர் சொல்லி அழைத்ததும் கயிற்றை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினான். மாமியார் பெருந்தேவியாரும் உறவினரும் பார்த்திருக்க, இளவரசியார் முற்றத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கி உண்டார். நாய் உள்ளே வரலாம் என்று பெருந்தேவியாரே சொல்லிவிட்டார். தேவரீர் இட்ட பணி அத்தோடு நன்றாக முடிந்தது.

பிறகு இளவரசியார், மாமா, நாயோடு எப்படி வந்தீர் என்று அடியேனைக் கேட்டார். வழியை விவரித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர், தாம் மணமாகிப் புறப்பட்ட நாளைச் சொன்னார். அன்று மிளகனை மடியில் வைத்துக்கொண்டுதான் ஊர்வண்டி ஏறினாராம். கொற்றன் ஆணையைப் படித்தானாம். வழியனுப்பச் சற்றுத் தூரம் உடன் வரப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த அடியேன், எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட உரக்க, ஆம் என்றேனாம். அவர் நாயைக் கீழே நின்ற பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டாராம். வேந்தே, அந்த ஆம் எனக்கு நினைவிருக்கிறது. வண்டி நகர்ந்ததும் அவர் அழுததும் நினைவிருக்கிறது. பிறந்த வீட்டை நினைத்து அழுகிறார் என்று எண்ணி, எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான் என்று ஆறுதல்வேறு சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஏன் அப்போதே அடியேனிடம் கேட்கவில்லை என்று வினவினேன். எழுதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன் என்றார். கடிந்து சொல்லவில்லை. மிளகனின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

ஒரு சால்வைக்காக எழுதிய ஆணை அது. அதற்கு நான்கு திங்கள் தேவரீர் மகள் பட்டினி கிடந்தார்.

திரும்பும் வழியில் தனியாகத்தான் ஈச்சந்துறை வந்து சேர்ந்தேன். நாய் இல்லை, ஆகையால் ஆணை என்னைத் தடுக்கவில்லை. சில நாள் அங்கிருந்து அடுத்த நிலையம்வரை வண்டி ஓட்டித் திரும்பும் மாற்றாளாக வந்திருந்த கொற்றன் என்னை அடையாளம் கண்டு, நாய் சுகமாகச் சேர்ந்ததா என்று விசாரித்து, முன்னிருக்கை காட்டினான். ஆணைப்படிப்பு தொடங்கியது. எல்லோரும் ஆம் என்றார்கள். அடியேனால் சொல்ல முடியவில்லை. கொற்றன் காத்திருந்தான். வாயால் ஒரு சொல் சொல்லிவிட்டு உட்காரும், பெரியவரே, மனசுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கெஞ்சினான். ஆம் சொல்லாதவரை ஏற்றலாகாது என்பதும் நான் எழுதியதே என்பதை அவனிடம் எப்படிச் சொல்வேன்? இறங்கிக்கொண்டேன். அதன்பின் இரண்டு காலையும் இப்படியே ஆயிற்று.

முத்திரையைக் காட்டினால் ஏற்றிக்கொள்வான். வாடகை வண்டிகளைப் பிடித்தும் வந்துவிடலாம். வந்தால் பேரவை நடக்கும், அந்த ஆணை அப்படியே கிடக்கும், கம்பளிக்காரரும் மனைவியும் மாறி மாறி நடந்துகொண்டிருப்பார்கள், அடியேனும் வீட்டு நிழலில் மறந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே வரவில்லை. மிகவும் களைத்துவிட்டேன், ஆனாலும் வரவில்லை.

ஆதலால் பழைய ஆணையை நீக்கி, அதன் இடத்தில் படிக்க வேண்டியதை இதனடியில் எழுதியுள்ளேன். அடியேன் எழுதியவற்றுள் இதுவே மிகச் சிறியது. வழக்கம்போல் அன்றி, இந்த ஒன்றையேனும் தேவரீர் படித்தபின் திருக்கைச்சாத்து இட வேண்டும் என்று இரந்து கேட்டுக்கொள்கிறேன்.

"ஊர்வண்டியில் நாய் ஏறலாம். உடன் வருபவர் பிடித்துக்கொள்க. நனைந்திருந்தால் துடைத்து ஏற்றுக."

இது வேந்தர் திருக்கை பட்ட நாள் முதல் நாற்குன்றத்து நிலையம்தோறும் படிக்கப்படுக. பழையதைப் படிப்பவர் நாவு ஓய்க. கோதைவேள் பெருமானடிகள் குடை நிழல் நீள்க. ஓலைநாயகம் நல்லாதன் எழுத்து; அரக்கில் மான் முத்திரை. ஓலை கொண்டு வருபவன் கொற்றன். மறுஓலையை அவனிடமே கொடுத்தருள்க, அவன்தான் படிக்க வேண்டியவன். அவன் திரும்பி வந்து படிக்கும் காலையில், ஆம் என்று சொல்லி ஏறுவேன்.