லெபனான் தடுப்பில் நீ வரைந்த கடல்

மச்சான்,

இன்று காலை குருபோங்கில் என் வீட்டு மதிலுக்கு வெள்ளைச் சாயம் அடிக்கலாம் என்று டின்னைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லெபனானில் நம் அமைதிப்படை முகாமின் வாசலில் ஆளுயரக் கான்கிரீட் தடுப்புகள் வரிசையாக நிற்கும். குண்டு விழுந்தால் தாங்குவதற்காக வைத்தவை. ஊர் திரும்பும் ஒவ்வொரு குழுவும் அதில் தன் படைச் சின்னத்தை வரைந்துவிட்டுப் போகும். பின்னால் வருபவர்கள் அதைத் தொடமாட்டார்கள். உன் குழுவின் முறை வந்தபோது நீ சும்மா இருப்பாயா? சின்னத்துக்குக் கீழே நம் ஊர் தஞ்சோங் கிளிங் கடலை வரைந்தாய். அப்போதுதான் பிறந்திருந்த, நீ இன்னும் முகம் பார்க்காத மகளின் பெயரைச் சிவப்பில் எழுதினாய்: ரீனா.

மறு வருஷம் நான் போனேன். தடுப்புகளில் இடம் தீர்ந்திருந்தது. பழையதை அழித்துவிட்டு நம்முடையதை வரை என்றார் மேலதிகாரி. அவர் காட்டியது உன் படத்தை. இது என் கூட்டாளி வரைந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சாயத்தில் கடல் ஒரே பூச்சில் மறைந்துவிட்டது. சிவப்பு மட்டும் திரும்பத் திரும்பத் தெரிந்தது. மூன்று தடவை பூசினேன்.

நான் ஊர் வந்ததும் செங்கில் உள்ள சாப்பாட்டுக் கடையில் நீ கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"என் படம் இருக்காடா?"

"இருக்கு மச்சான். புதுசு மாதிரி இருக்குலா."

அதற்குப் பிறகு யாரிடம் அந்தக் கதையைச் சொன்னாலும் என்னைக் கை காட்டுவாய். "இவன் நேர்ல பாத்துட்டு வந்தவன், கேட்டுப் பாருங்க." நானும் வெட்கமில்லாமல் தலையாட்டுவேன். சில வருஷத்தில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய். மறந்துவிட்டாய் என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் உன் நினைவு ஜெபத்துக்கு அழைக்க ரீனா வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்குத் தெரியும் அங்கிள். உங்களுக்கு அப்புறம் போனவங்க போட்டோ அனுப்புனாங்க. ஆர்டர் போட்டா அவன் என்னலா செய்வான், அவன்கிட்ட இதப் பேசாதன்னு சொல்லிட்டாரு."

அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சோறு கட்டிக்கொண்டு வந்தாயே, அப்போதும் உனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கலாம், மச்சான். வாங்காத அந்தத் திட்டைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன்.