அண்ணன் உயரத்துக்கு வளைத்த கம்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் கோவையில் நலம்.

இங்கே பந்தயக் கார் கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் தலை நசுங்காதபடி இரும்புக் குழாயை வளைத்து இருக்கைக்கு மேலே பொருத்துகிறோம். நேற்று ஒரு கார் உருண்டது. ஓட்டியவர் சட்டையைத் தட்டிக்கொண்டு இறங்கி டீ கேட்டார்.

நம் டிராக்டரிலும் அப்படி ஒன்று இருந்தது. "தென்னமட்டையில இடிக்குது, கழட்டிப் போடுடா" என்று அண்ணனிடம் சொன்னீர்கள். போன சம்பாவுக்குச் சேறடிக்கையில் வண்டி கவிழ்ந்து அண்ணன் போனான். குத்திக்காட்ட எழுதவில்லை.

இனி நீங்கள்தான் ஓட்டப்போகிறீர்களாம். சீட்டில் உட்கார்ந்து, உச்சந்தலை வரை அம்மாவை அளக்கச் சொல்லி உடனே எழுதுங்கள். வளைத்துக் கொண்டுவருகிறேன்.

அண்ணன் உயரத்துக்கு ஏற்கெனவே ஒன்று வளைத்துவிட்டேன். நீங்கள் அவனைவிட உயரம், அது உங்களுக்குப் போதாது. அதை வெட்டி நீட்டவும் மனம் வரவில்லை.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பரிதி