பேட்ச் போதும் என்ற டாக்டரம்மா

மார்ச் 3

அன்பு மருமகளே,

நான் அப்பவே சொன்னேன், யார் கேட்டீர்கள்? உன் அம்மாவுக்கு ஹார்மோன் குறைந்துபோச்சு என்று டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்தவன் நான். சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டே திடீரென்று முகமெல்லாம் நெருப்பாகி, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "எவடி ஜன்னலைச் சாத்தினது?" என்று ஊரையே ரெண்டாக்குவாளே, அதெல்லாம் போயே போச்சு. வயிற்றில் ஒட்டுகிற அந்த ஹார்மோன் பேட்ச் வந்ததிலிருந்து ஆள் இருபது வயசு குறைந்துவிட்டாள். நேற்று முதலாளியே எழுந்து நின்று வணக்கம் சொன்னார். (சரி, எழுந்து நின்றார். வணக்கம் என் கணக்கு.)

பேட்ச்சோடு ராத்திரி போடச் சொல்லி ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். போட்டால் அடித்துப்போட்ட தூக்கம், காலையில் தலை கிறுகிறுப்பு. தூக்கம்தான் தானாக வருகிறதே, தூக்க மாத்திரை எதற்கு? ஓடுகிற பம்பை யாராவது கையால் சுற்றுவார்களா? மேட்டுத்தெருவில் ஒரு வீட்டில் பம்பு சரிசெய்தேன். அந்த வீட்டு டாக்டரம்மாவே, "பேட்ச் போதும் அண்ணே, மாத்திரையை நிறுத்திடச் சொல்லுங்க" என்றார்கள். நிறுத்தி நாலு மாதம் ஆச்சு.

போனில் பேசினால் உன் அம்மா பக்கத்து அறையிலிருந்து, "என்னைப் பத்தி என்னடா அளக்கிறே?" என்று வருவாள். அதனால்தான் மெயில்.

உன் தாய்மாமன், பம்பு நிபுணர்

மார்ச் 4

மாமா,

உங்கள் மெயிலைப் படித்தேன். என் அலுவலகத்துக்குக் கீழே உள்ள மருந்துக்கடை அக்காவிடம் கேட்டேன். அது தூக்க மாத்திரையே இல்லை மாமா. அதுவும் ஹார்மோன்தான், தூக்கம் வருவது அதன் பக்கவிளைவு. கர்ப்பப்பை இருக்கிறவர்கள் பேட்ச்சை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் உள்சுவர் தடித்துக்கொண்டே போகுமாம். அப்படித் தடிக்காமல் காப்பது அந்த மாத்திரைதானாம். கவனிக்காமல் விட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாமாம்.

அம்மாவுக்கு உதிரம் ஏதும் படுகிறதா? நீங்களாக ஒன்றையும் நிறுத்தவோ கொடுக்கவோ வேண்டாம். மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரிடம் உடனே கூட்டிப்போங்கள். உங்கள் டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரி? நானே பேசுகிறேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 6

அன்பு மருமகளே,

நீ சின்ன வயசிலிருந்தே பயந்தாங்கொள்ளி. டாக்டரம்மா ரொம்ப பிஸி, நாட்டிலேயே நாலு பேர்தான் அந்த மாதிரி, நினைத்த நேரத்தில் பிடிக்க முடியாது.

நீ கேட்டதால் சொல்கிறேன். மாதவிடாய் நின்று ரெண்டு வருஷமான அக்காவுக்குப் போன வாரத்திலிருந்து கொஞ்சம் படுகிறதாம். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, குளியலறை வாளியைப் பார்க்காதே என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "உன் டாக்டரம்மாதான் பேட்ச் போதும்னாங்களே, அப்புறம் எனக்கென்ன பயம்? ஸ்கேனு கீனுன்னு லீவு போட்டா என் இஸ்திரி வேலையை இன்னொருத்திக்குக் கொடுத்துருவாங்க" என்கிறாள். நான் சிரித்தேன். சாப்பாட்டைத்தான் பாதியில் மூடி வைத்தேன்.

மாமன்

மார்ச் 6

மாமா,

அம்மாவோடு இப்போதுதான் பேசினேன். "அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த நிமிஷமே வரேன்" என்கிறார்கள். என் பேச்சு எடுபடவில்லை. அவர்கள் நம்புவது உங்களை. எனக்கு இருப்பது ஒரே அம்மா. அந்த டாக்டரம்மாவின் நம்பரைக் கொடுங்கள்.

மார்ச் 8

கண்ணு,

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துவிட்டோம். ஸ்கேனில் உள்சுவர் தடித்துத்தான் இருக்கிறது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "நிறைய பேருக்கு இது மோசமா இருக்காது, ஆனா பார்க்காம விடக்கூடாது" என்றார் டாக்டர். முடிவு வெள்ளிக்கிழமை. அதுவரை எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேனிடம்கூட நான் எதையும் பெருக்கிச் சொல்லவில்லை, பார்த்துக்கொள்.

எப்படி வந்தாள் என்று கேட்பாய். சலவைக்கூடத்துக்கே போய், அந்த ஆவிக்கு நடுவில் நின்று ஆஸ்பத்திரிக்கு வா என்று சொன்னேன். "போன் போடுடா அந்தம்மாவுக்கு" என்று கையை நீட்டினாள். போனை எடுத்தேன். யாருக்குப் போடுவது? உண்மையைச் சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. "வண்டியை எடு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். மேட்டுத்தெருவில் பம்பு சரிசெய்தது நிஜம். அந்த வீட்டில் தொட்டி இருந்தது, குரைக்கிற நாய் ஒன்றும் இருந்தது. டாக்டரம்மாதான் இல்லை.

மாமன்