சப்பாத்தைக் கழற்றிய கார்ப்பரல்

மார்ச் 12, புதன்கிழமை

பக்கத்து வீட்டு அக்காவின் சங்கிலியைப் பறித்தவனை நான் பார்த்தேன். பின்தெருக்காரன், அவனுக்கும் என் வீடு தெரியும். மாலையில் விசாரிக்க ஒரு தமிழ்ப் போலீஸ் கார்ப்பரல் வந்தார்.

"பார்க்கலன்னு சொல்லிடுங்க, நமக்கு எதுக்கு வம்பு?" என்றாள் மனைவி. எனக்கும் அதே எண்ணம்தான். முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, தம்பியைப் பிடிக்க வந்த போலீஸ்காரர்கள் சப்பாத்துக் காலோடு சாமி அறைவரை நுழைந்தார்கள். அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

இந்தக் கார்ப்பரல் குனிந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, சப்பாத்தை வாசலில் விட்டார். காலுறையில் ஓட்டை.

"சிரிக்காதீங்கண்ணே, இன்னும் கல்யாணம் ஆகல லா" என்றார்.

பறித்தவன் பெயரைச் சொன்னேன். கோர்ட்டுக்கும் வருவதாகச் சொன்னேன். போலீஸ் மேல் நம்பிக்கை வந்துவிடவில்லை. இந்த ஒரு ஆளை நம்பினால் போதும். கோர்ட்டுக்குப் போக வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி மனைவியிடம் கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம், இன்று அவள் என்னோடு பேசமாட்டாள்.