இரண்டாம் வரிசை மிளகாய்ச் செடிகள்

2024 மார்ச் 4
இரண்டாம் வரிசையும் சுருண்டுவிட்டது. பன்னிரண்டு மிளகாய்ச் செடிகளில் ஒன்பது.

சுருளவே கூடாத செடிகள். முதல் வரிசைக்குள் விட்டது முழு வைரஸ். இரண்டாம் வரிசைக்குள் விட்டது, ஒரே ஒரு மரபணுவை நான் முடக்கிய வைரஸ். முடக்கியது நோயைத் தராவிட்டால், நோய்க்குக் காரணம் அந்த மரபணுதான் என்று காட்டிவிடலாம். ஒன்றரை வருடமாக இது ஒன்றுக்காகத்தான் கொடகவெல ஆராய்ச்சி நிலையத்தில் கிடக்கிறேன்.

என் ஆய்வை மேற்பார்க்கும் நிஸார் சேர் எட்டிப் பார்த்தார். நீங்கள் முடக்கியதே சரியில்லை போல என்றார். ஐந்து தடவை சரிபார்த்தேன். அதெல்லாம் அவர் காதில் ஏறாது.

மார்ச் 5
சேரைக் கேட்காமலே, சுருண்ட இலைகளைக் கொழும்பு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன்.

மார்ச் 13
கொழும்பிலிருந்து முடிவு வந்தது. இரண்டாம் வரிசைச் செடிகளை வாட்டியது என் வைரஸே இல்லை, முதல் வரிசையின் முழு வைரஸ்! என் வேலையில் பிழையில்லை. நோய்ச் செடியைத் தொட்ட கை நல்ல செடியையும் தொட்டிருக்கிறது. இந்த வைரஸ் பரவ விரலில் ஒட்டிய சாறே போதும்.

யார் கை? செடிகள் இருக்கும் வலைக்கூடாரத்துக்குள் போவது நானும், தண்ணீர் ஊற்றும் விஜயகலா அக்காவும்தான். நான் கையுறை போடுகிறேன். அவர் போடுவதில்லை. சேரிடம் பெயரைச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 14
அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நான் செடிய தொடவே இல்லீங்க மிஸ்" என்று ஒரு தடவைதான் சொன்னார். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு இரக்கமே வரவில்லை. என் ஒன்றரை வருடத்தை யார் தருவார்?

மார்ச் 18
புது நாற்றுகளில் மறுபடியும் ஆரம்பித்தேன். இனி தண்ணீரும் நானே ஊற்றுவேன். ஒருவரும் உள்ளே வரக்கூடாது.

ஏப்ரல் 8
மறுபடியும் சுருண்டிருக்கிறது. அதே இரண்டாம் வரிசை. ஏன்? ஏன்?

ஏப்ரல் 9
வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி, புளத்கொகுபிட்டியவில் இருக்கும் அம்மாவிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். பேசி முடித்துப் பார்த்தால், இடது கைக்குள் ஏழெட்டு மிளகாய்த் தளிர்.

பள்ளிக்கூட லீவெல்லாம் அம்மாவோடு தேயிலைக் கொழுந்து பறித்த கை. நடக்க நடக்க நுனி கிள்ளியிருக்கிறேன். நோய் வரிசையிலிருந்து நல்ல வரிசைக்கு, அதே கையுறையோடு. எத்தனை மாசமா? எவ கைன்னு கேட்டேனே. என் கைதான். சீ.

ஏப்ரல் 10
சேரிடம் சொன்னேன். அறிக்கையில் இதை எப்படி எழுதப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அக்காவைத் திரும்ப எடுக்கச் சம்மதித்தார்.

அக்காவின் லயத்து வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நான் தளிர் கிள்ளுவதை அவர் பார்த்திருக்கிறார்.

"பாத்தா ஏங்க்கா சொல்லல?"

"ஆராய்ச்சிக்குத்தான் கிள்ளுறீங்கன்னு நெனச்சேன் மிஸ்."

வேலைக்கு வரமாட்டாராம். அவர் செய்யவில்லை என்று ஒரு கடிதம் வேண்டுமாம். எங்கே காட்டினாலும் வாசிக்க வேண்டும், சிங்களத்திலும் எழுதுங்கள் என்றார். தவறுதலாக நிறுத்தப்பட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். நிதானமாக வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"யாரு செஞ்சதுன்னு இதுல இல்லையே."

எழுதினேன். இரண்டு மொழியிலும், என் முழுப் பெயரோடு.