தம்பியிடம் சொல்லாத ரிப்போர்ட்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம், தம்பி முருகேசன் வீடு. அவன் போய் இன்றோடு பதினெட்டு நாள். முப்பத்தெட்டு வயது. மில்லில் காலை ஷிப்ட், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. அப்பா போனதும் இப்படித்தான், நாற்பத்தொன்றில்.

தம்பி பெண்டாட்டி கலா அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பையில் பாதி சிகரெட் பாக்கெட். தூக்கிப் போடவில்லை, சட்டையோடு சேர்த்து வைத்தாள்.

"ஒல்லியாத்தான மதினி இருந்தாக. எண்ணெப் பலகாரங்கூட தொட மாட்டாக. அவுகளுக்குப் போயி எப்படி கொழுப்பு அடைக்கும்?"

பதில் எனக்குத் தெரியும். காபியைக் குடித்தேன்.

ஜூலை 9, புதன்

ரேஷன். கேஸ் புக் பண்ண. பீரோ மேல்தட்டை ஒழிக்க.

மேல்தட்டில் அந்த ரிப்போர்ட். என் பெயர், நாலு வருஷத்துக்கு முந்தியது. கொலஸ்ட்ரால் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "இது சாப்பாட்டால வந்ததில்லம்மா, பரம்பரை. கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரையும் பாக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அந்த மாதம்தான் மகள் செல்விக்கு வத்திராயிருப்பில் சம்பந்தம் பேசினோம். "பரம்பரை நோய்னு தெரிஞ்சா யாரு கட்டுவா? வாயத் தொறக்காத" என்றார் இவர், என் வீட்டுக்காரர். திறக்கவில்லை. கல்யாணம் முடிந்த பிறகும் திறக்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் மூன்றே மாதத்தில் நிறுத்தினேன்.

தம்பி ஒரு தடவை பார்த்துவிட்டான். "என்னக்கா மாத்திர?"

சத்து மாத்திரை என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

கலாவிடம் "சும்மா ஒரு டெஸ்ட்" என்று சொல்லி அவள் மகள் திவ்யாவை அழைத்துப் போனேன். பதினாலு வயது. வெறும் வயிறு. இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

டாக்டரம்மா என் குதிகாலுக்கு மேல் இருந்த தடிப்பைத் தொட்டுப் பார்த்தார். செருப்பு உரசியது என்று நினைத்திருந்தேன். கொழுப்பாம்.

"பிறந்ததுலருந்தே கூடுதலா இருக்கும். அதோட சிகரெட், பிரஷர், சுகர் எது சேர்ந்தாலும் ஆபத்து சீக்கிரம் வரும். ஒல்லியா இருந்தா தப்பிச்சோம்னு இல்ல."

முன்னாலேயே தெரிந்தால்?

"மாத்திரையை விடாம போட்டா ரொம்ப காலம் நல்லா இருக்கலாம்."

பிறகு ஓட்டலில் இட்லி. திவ்யா ஒன்றுதான் சாப்பிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

ரிசல்ட் வந்தது. எனக்கு இருப்பது தெரிந்ததுதான். திவ்யாவுக்கும் இருக்கிறது. இருவருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய ரிப்போர்ட்டையும் கையில் கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள்.

"அப்பவே சொல்லியிருந்தா மாத்திர போட்டிருப்பாகளா மதினி?"

போட்டிருப்பான். நான் சொன்னால் கேட்பான். அதையும் சொன்னேன்.

"சரி. நீங்க கெளம்புங்க."

வாசல் வரை வரவில்லை. அழவும் இல்லை. அழுதிருக்கலாம்.

பஸ்ஸில் செல்விக்குப் போன். "நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட போயி ரத்தம் குடுத்துரு. மாமியார் கேட்டா உள்ளதச் சொல்லு." இவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 16, புதன்

நல்ல காற்று. முருங்கைக் கிளை ஒன்று ஒடிந்தது. கலாவுக்கு மூன்று தடவை போன். நாலாவதுக்குத் திவ்யா எடுத்தாள்.

"அம்மா பக்கத்துலதான் இருக்காக அத்த. பேச மாட்டேங்காக."

"மாத்திர போட்டியா?"

"நேத்துலருந்து. அம்மாதான் எடுத்துக் குடுத்தாக. நீங்க போட்டீகளா?"

இல்லை என்றேன். ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. திவ்யா அதை அப்படியே அவள் அம்மாவிடம் சொன்னது கேட்டது.

போனுக்குச் சற்றுத் தள்ளிக் கலாவின் குரல். "போடச் சொல்லு."