தண்ணீர் புகாத ஷூ

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

சர்க்கரைக்காக ஓடச் சொல்லி உயிரை எடுத்தாய். இந்த ஊர்க் குளிரிலும் மழையிலும் ஓடுகிறேன். "தண்ணி புகாத ஷூவா வாங்குங்க" என்றாய், வாங்கினேன். நம் வீட்டுப் பழக்கத்தில் வாசலிலேயே கழற்றிப் போட்டேன். காலையில் பார்த்தால் இரண்டிலும் விளிம்பு வரை மழைத்தண்ணீர்! தண்ணீரை உள்ளே விடாத ஷூ, விழுந்ததை வெளியேயும் விடாதாம். கடைக்காரர் இப்போது சொல்கிறார்: "வலைத்துணி ஷூ எடுங்க சார், நனைஞ்சாலும் வடிஞ்சிரும். கம்பளி சாக்ஸ் போட்டா குளிராது." முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்னவாம்?

மாற்றி வாங்கிய புது ஷூவை உள்ளே, கதவோரம் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு ஜோடி கிடப்பது பார்க்கச் சகிக்கவில்லை. வேலைக்கு நேரமாச்சு. உன் பழைய செருப்பை அனுப்பிவை. புதுசு வேண்டாம். கழுவவும் வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்